வாடகை வீட்டுக்கு மீள்நிதிக் கடன்: வாடகை தாங்கும் வட்டியே வட்டி

வீடொன்றைக் கட்டி வாடகைக்கு விடுவது எமது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு சேமிப்பு முறையாகும். ஓய்வூதியத்துக்கு மேலதிகமாக ஒரு வருமானம், பிள்ளைகளின் உயர்கல்விக்கு ஓர் ஆதாரம், பின்னொரு நாளில் மகளின் பெயருக்கு எழுதிவைப்பதற்கு ஓர் ஆதனம் எனப் பல நோக்கங்களை அது ஒருங்கே நிறைவேற்றுகின்றது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மாடிமனையாகவும், யாழ்ப்பாணத்தில் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸாகவும், கல்முனையிலும் காத்தான்குடியிலும் கடைக்கு மேலே எழுப்பிய மாடியாகவும் இச்சேமிப்பு உருவெடுத்திருப்பதை நாம் காண்கின்றோம். இவற்றுட் பல வங்கிக் கடனைக் கொண்டு கட்டப்பட்டவை அல்லது வாங்கப்பட்டவை என்பது யாவரும் அறிந்ததே.

வட்டி வீதங்கள் இறங்கும் காலங்களில், இத்தகைய கடன்களை வேறொரு வங்கிக்கு அல்லது வேறொரு கடன் வகைக்கு மாற்றிக்கொள்ளுமாறு விளம்பரங்களும் வங்கி அலுவலர்களும் அழைப்பு விடுக்கத் தொடங்குவது வழக்கம். பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துவிடும் இந்நடைமுறையையே மீள்நிதியளிப்பு என்கின்றனர். இது பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த வகைக் கடனுக்கு மாறுகின்றோம் என்பதைச் சரிவர ஆராயாமல் வட்டி வீதம் ஒன்றை மாத்திரமே நோக்கி முடிவெடுத்த குடும்பங்கள் 2022இல் பட்ட துன்பத்தை நாம் அதற்குள் மறந்துவிடலாகாது.

ஓர் ஆசிரியரின் அனுபவம்

எமக்கு நன்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொழும்பில் மாடிமனையொன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் செலுத்தவேண்டியிருந்த கடன் ஒரு கோடி ரூபா. எஞ்சிய காலம் 15 ஆண்டுகள். வட்டி 12 வீதத்தில் நிலையானதாக இருந்தது. மாதாந்தத் தவணைப்பணம் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. நாட்டில் வட்டி வீதங்கள் மிகவும் தாழ்ந்திருந்த காலம் அது. வேறொரு வங்கி 10 வீத வட்டிக்குக் கடன் தருவதாகக் கூறவே, அவர் மாறிக்கொண்டார். தவணைப்பணம் 1 இலட்சத்து 7 ஆயிரத்து 500 ரூபா அளவுக்குக் குறைந்தது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ 12 ஆயிரத்து 500 ரூபா மிச்சம். ஆனால், புதிய கடனின் வட்டி நிலையானதன்று. சந்தை வட்டியோடு ஏறியிறங்கும் மிதக்கும் வட்டியாகும்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை நாட்டின் வரலாறாகிவிட்டன. 2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.5 வீதத்திலிருந்து 14.5 வீதமாக உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் அது 15.5 வீதமாகவும், 2023 மார்ச்சில் 16.5 வீதமாகவும் உயர்ந்தது. வங்கிகள் தமது மிக நம்பகமான பெரும் வாடிக்கையாளர்களிடம் அறவிடும் குறுங்கால வட்டியின் சராசரியை மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடுவதுண்டு. சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம் என்பது அதன் பெயர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் 9 வீதத்துக்கும் குறைவாக இருந்த அவ்வீதம், 2022ஆம் ஆண்டின் இறுதியில் 27 வீதத்தைத் தாண்டியது. மிதக்கும் கடன்களிற் பெரும்பாலானவை இவ்வீதத்துடன் பிணைக்கப்பட்டவை.

ஆசிரியரின் கடன் 28 வீத வட்டிக்கு வந்து நின்றது. அப்போது அவர் செலுத்தவேண்டியிருந்த மீதி சுமார் 95 இலட்சம் ரூபா. அந்த வட்டியில் அதனை உரிய காலத்துக்குள் அடைப்பதாயின் மாதந்தோறும் 2 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா அளவில் செலுத்தவேண்டும். அதில் 2 இலட்சத்து 22 ஆயிரம் ரூபா வட்டிக்கே போய்விடும். வாடகையோ 1 இலட்சத்து 35 ஆயிரம் ரூபாதான். இரண்டாண்டு வாடகை ஒப்பந்தம் நடைமுறையிலிருந்தமையால் அதனை உயர்த்தவும் இயலவில்லை. உயர்த்தக் கேட்டிருந்தாலும், சம்பளம் உயராமல் விலைவாசி மட்டும் உயர்ந்த அவ்வாண்டில் எந்தக் குடியிருப்பாளரால் அதைக் கொடுத்திருக்க முடியும்?

வங்கி தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. ஆயினும் அதற்கு முன்னர் நிலுவையை ஓரளவு குறைக்கவேண்டியிருந்தது. ஊரிலிருந்த, தகப்பன் வழிவந்த நான்கு பரப்புக் காணியை விற்றே அவர் அதனைச் செய்தார்.

விளைச்சலும் கடனும்

இவ்விடத்தில் எமது முன்னோரின் வழக்கமொன்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தேசவழமையில் இடம்பெற்றுள்ள ஒற்றி முறையில், கடன் கொடுத்தவர் காணியைப் பொறுப்பேற்று, பணத்துக்கான வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். விளைச்சல் மிகுந்தால் அவருக்கு இலாபம். குறைந்தால் அவருக்கே நட்டம். காணிக்காரர் முதலைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்டுக்கொள்வார். அதாவது, கடனின் விலையும் ஆதனத்தின் வருமானமும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின.

வங்கிக் கடனில் இப்பிணைப்பு அறுந்துவிட்டது. வாடகை ஒப்பந்தக் காலம் முடியும்வரை நிலையாக நிற்கின்றது; மிதக்கும் வட்டியோ மூன்று மாதத்துக்கொருமுறை, ஆறு மாதத்துக்கொருமுறை மாறுகின்றது. இரண்டுக்குமிடையே தோன்றும் இடைவெளியை உரிமையாளரே தமது கையிலிருந்து நிரப்பவேண்டும். ஆகவே, வாடகை ஆதனம் ஒன்றுக்கு மீள்நிதிக் கடனைத் தெரிவு செய்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “எந்தக் கடனுக்கு வட்டி குறைவு?” என்பதன்று. “எந்தக் கடனை, அதன் மிக மோசமான நிலையிலும், வாடகையும் எனது ஏனைய வருமானமும் சேர்ந்து தாங்கும்?” என்பதே அக்கேள்வியாகும்.

வாடகையை முதலில் அளவிடல்

அதற்கு வாடகையின் உண்மையான அளவு தெரிந்திருத்தல் வேண்டும். மேற்கூறிய 1 இலட்சத்து 35 ஆயிரம் ரூபாவையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 16 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. குடியிருப்பாளர் மாறும்போது வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் என்று கொண்டால் 14 இலட்சத்து 85 ஆயிரம். ஆதனவரி, திருத்தவேலை, தீக்காப்புறுதி, மாடிமனையாயின் பராமரிப்புக் கட்டணம் என்பவற்றுக்கு இன்னுமொரு மாத வாடகையைக் கழித்தால் 13 இலட்சத்து 50 ஆயிரம். மாதமொன்றுக்குக் கையில் நிற்பது 1 இலட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபா மாத்திரமே.

இக்கணக்கில் வருமான வரி சேர்க்கப்படவில்லை. 2023 ஜனவரி முதல், மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வாடகையைச் செலுத்துவோர், அதில் 10 வீதத்தைப் பிடித்துவைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்தவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிடிக்கப்பட்ட தொகை ஆண்டு வரிக் கணக்கில் ஈடுசெய்யப்படும் என்பது உண்மையே. ஆயினும் மாதாந்தம் கைக்கு வரும் பணம் அந்தளவுக்குக் குறைகின்றது. வங்கித் தவணையோ மாதாந்தம் வந்து நிற்கின்றது.

இந்த 1 இலட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாவையும் 15 ஆண்டு, ஒரு கோடி ரூபாக் கடனையும் ஒப்புநோக்கினால், வாடகை 11 வீதத்துக்குச் சற்றுக் குறைவான வட்டியை மாத்திரமே தாங்கும் என்பது புலனாகும். 12 வீத நிலையான கடனை வைத்திருந்தால் ஆசிரியர் மாதந்தோறும் ஏறத்தாழ 7 ஆயிரத்து 500 ரூபாவைத் தமது ஓய்வூதியத்திலிருந்து சேர்க்கவேண்டியிருந்திருக்கும். அது தெரிந்த சுமை, தாங்கக்கூடிய சுமை. மிதக்கும் கடனில் அச்சுமை 1 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாவாயிற்று. மாதம் 12 ஆயிரத்து 500 ரூபா மிச்சத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தது இந்தப் பாதுகாப்பையே ஆகும்.

கடன் வகைகளும் அவற்றின் இயல்பும்

முதலாவது, கடன்காலம் முழுவதும் மாறாத வட்டி. அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கும் வட்டி மாறாத வீட்டுக்கடன் சாதாரணமாகக் கிடைப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அங்கு வங்கிகள் தாம் வழங்கிய கடன்களை ஃபனி மே, ஃபிரெடி மெக் போன்ற நிறுவனங்களுக்கு விற்றுவிடுவதும், அவை அக்கடன்களைப் பிணையங்களாக்கி நீண்டகால முதலீட்டாளர்களுக்கு விற்பதும் அதற்குக் காரணமாகும். இலங்கை வங்கிகள் பெரும்பாலும் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரையான நிலையான வைப்புகளைக் கொண்டே நீண்டகாலக் கடனை வழங்குகின்றன. வைப்புக்குக் கொடுக்கும் வட்டி மாறும்போது கடனுக்கான வட்டியையும் மாற்ற அவை விரும்புவது இயல்பே. எனவே 15 ஆண்டுகளுக்கும் மாறாத வட்டி இங்கு அரிது. கிடைக்குமாயின் ஆரம்ப வட்டி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அக்கூடுதலைக் காப்புறுதிக் கட்டணம் போன்று கருதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, முதற் சில ஆண்டுகளுக்கு நிலையானதாயிருந்து பின்னர் மிதக்கும் கடன். இங்கு அதிகமாக விளம்பரப்படுத்தப்படுவது இவ்வகையே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படுவது முதற் காலத்துக்குரிய வட்டியாகும். அக்காலம் முடிந்த பின் எந்த அடிப்படையில் வட்டி கணிக்கப்படும், அதற்கு உச்சவரம்பு உண்டா என்பனவே உண்மையான நிபந்தனைகள். ஐந்தாண்டுகளுக்குள் வீட்டை விற்கும் அல்லது கடனின் பெரும்பகுதியை அடைக்கும் எண்ணமுடையோருக்கு இது பொருந்தும். பதினைந்தாண்டுகளும் வாடகையைக் கொண்டே கடனைக் கட்ட எண்ணுவோருக்கு இது பத்தாண்டு மிதக்கும் கடனே அன்றி வேறன்று.

மூன்றாவது, முற்றாக மிதக்கும் கடன். வட்டி உச்சத்திலிருந்து இறங்கும் காலத்தில் இது நன்மை தரும். 2023 ஜூனில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களைக் குறைக்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதம் 8 வீதமாக நிர்ணயிக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் 7.75 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2023இன் தொடக்கத்தில், அச்சத்தின் காரணமாக, 20 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டியில் நீண்டகாலத்துக்கு நிலைநிறுத்திக்கொண்டவர்கள் இவ்விறக்கத்தின் பயனை இழந்தனர். ஆகவே நிலையான வட்டி எக்காலத்திலும் சிறந்தது என்று நாம் கூறவரவில்லை. வட்டி தாழ்ந்திருக்கும்போது நிலையானதை நாடுவதும், உச்சத்திலிருக்கும்போது மிதப்பதை அல்லது குறுகிய கால நிலைவட்டியை நாடுவதுமே பொதுவான விவேகமாகும். பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகச் செய்வதே கவலைக்குரியது.

மிதக்கும் கடனிலும் உச்சவரம்பும் கீழ்வரம்பும் கொண்ட ஒரு வகை உண்டு. வட்டி எவ்வளவு ஏறினும் இன்ன வீதத்துக்கு மேற்போகாது. எவ்வளவு இறங்கினும் இன்ன வீதத்துக்குக் கீழ்ப்போகாது என்பது ஏற்பாடு. வாடகை ஆதனத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால், சில உடன்படிக்கைகளில் கீழ்வரம்பு மாத்திரம் எழுதப்பட்டு உச்சவரம்பு எழுதப்படாமலிருக்கும். மேலும், சந்தை வீதத்துடன் பிணைக்காமல், “வங்கி காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் வட்டி” என்று மாத்திரம் எழுதப்பட்டிருந்தால், ஏறும்போது உடனே ஏறும் வட்டி இறங்கும்போது தாமதித்தே இறங்கக்கூடும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

நான்காவது, நிதிக் கம்பனிகள் சில தட்டையான வட்டியில் வழங்கும் கடன். இங்கு முதல் குறைந்துகொண்டே வந்தாலும், ஆரம்பத்திற் பெற்ற முழுத்தொகைக்கும் இறுதிவரை வட்டி அறவிடப்படும். 10 இலட்சம் ரூபாவை 10 வீதத் தட்டை வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால் மாதம் 25 ஆயிரம் ரூபா செலுத்தவேண்டும். குறையும் மீதிக்கு வட்டி கணிக்கும் வங்கி முறைக்கு மாற்றினால் அது 17 வீதத்தைத் தாண்டிய வட்டியாகும். பெயரில் 10, பையில் 17 எனலாம். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறையிற் கணித்துத் தருமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

ஐந்தாவது, வெளிநாட்டு நாணயக் கடன். வெளிநாட்டிலுள்ள உறவினரின் வருமானத்தைக் காட்டி இதனை நாடுவோர் உளர். வாடகை ரூபாவிலும் கடன் டொலரிலும் இருந்தால், 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததை நினைத்துப்பார்த்தாற் போதும். வட்டியின் ஏற்றத்தோடு நாணயத்தின் ஏற்றத்தையும் சேர்த்துத் தாங்கக்கூடிய வாடகை எதுவுமில்லை.

இஸ்லாமிய நிதி ஏற்பாடுகள்

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு வேறொரு வழி உண்டு. 2005ஆம் ஆண்டில் வங்கிச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளித்தது. 2011இல் அமானா வங்கி முற்றிலும் ஷரீஆ அடிப்படையிலான உரிமம் பெற்ற வர்த்தக வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. ஏனைய வங்கிகள் சிலவும் இதற்கெனத் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன.

ஆதனங்களுக்கு இவற்றில் பெரிதும் கையாளப்படுவது குறைந்துசெல்லும் முஷாரகா எனப்படும் பங்குடைமை முறையாகும். வங்கியும் வாடிக்கையாளரும் ஆதனத்தைக் கூட்டாக உடைமையாக்கிக்கொள்வர். வங்கியின் பங்கைப் பயன்படுத்துவதற்காக வாடிக்கையாளர் வாடகை செலுத்துவார். அத்துடன் அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கியும் வருவார். பழைய வட்டிக் கடனிலிருந்து மாறும்போது, வங்கி ஆதனத்தில் ஒரு பங்கை வாங்கும் பணத்தைக் கொண்டு பழைய கடன் தீர்க்கப்படும். தவணை தாமதித்தால் விதிக்கப்படும் தொகையை வங்கி தனது வருமானமாகக் கொள்ளாமல் தருமத்துக்குச் செலவிடுவது பொதுவான நடைமுறை.

இங்கும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வங்கிக்குச் செலுத்தும் வாடகை வீதமும் குறித்த காலத்துக்கொருமுறை மீளாய்வு செய்யப்படலாம். அம்மீளாய்வு சந்தை வீதங்களைத் தழுவி அமையலாம். ஏற்பாட்டின் வடிவம் மார்க்கத்துக்கு உகந்ததா என்பதை உலமாக்களும் வங்கியின் ஷரீஆ மேற்பார்வைச் சபையும் கூறுவர். ஆனால், மீளாய்வு எத்தனை மாதத்துக்கொருமுறை, அதற்கு உச்சவரம்பு என்ன என்பதைக் கேட்டறியவேண்டியவர் வாடிக்கையாளரே. பங்கு கைமாறும்போது முத்திரைத் தீர்வை முதலிய செலவுகள் ஏற்படுமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

மாறுவதற்கான விலை

கடனை மாற்றுவதற்கும் ஒரு விலையுண்டு. பழைய வங்கிக்கு முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணம், பழைய ஈட்டை நீக்கிப் புதிய ஈட்டை எழுதிப் பதிவதற்கான சட்டத்தரணிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும், மதிப்பீட்டாளரின் கட்டணம் என்பன அவற்றுட் சில. பழைய கடனோடு சேர்ந்திருந்த ஆயுள் காப்புறுதி முடிவடைந்து, கூடிய வயதில் புதிய காப்புறுதி எடுக்கவேண்டியும் வரலாம். இவையனைத்தும் சேர்ந்து 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாகின்றன என்று கொள்வோம். ஒரு கோடி ரூபாக் கடன் 14 வீதத்திலிருந்து 12 வீதத்துக்கு மாறினால், 15 ஆண்டுத் தவணையில் மாதம் ஏறத்தாழ 13 ஆயிரத்து 150 ரூபா மிஞ்சும். செலவு ஈடாவதற்கு 27 மாதங்கள் செல்லும். அதற்கு முன்னர் வீட்டை விற்க நேரிட்டால் மாறியது வீண்.

இதைவிடப் பெரிய மயக்கம் தவணைக் காலத்தில் உள்ளது. ஒரு கோடி ரூபா மீதியை 14 வீத வட்டியில் இன்னும் 10 ஆண்டுகளில் அடைக்கவேண்டியவர் மாதம் சுமார் 1 இலட்சத்து 55 ஆயிரம் ரூபா செலுத்துவார். அதனை 12 வீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாற்றினால் 1 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவே. மாதம் 45 ஆயிரம் ரூபா குறைந்துவிட்டதென மகிழ்ச்சி ஏற்படும். ஆனால், முன்னையதில் மொத்தமாகச் செலுத்துவது ஏறத்தாழ 1 கோடியே 86 இலட்சம். பின்னையதில் 2 கோடியே 64 இலட்சம். வட்டி குறைந்தும் 78 இலட்சம் ரூபா கூடுதலாகப் போகின்றது. தவணையைத் தாங்கவியலாத நெருக்கடியில் காலத்தை நீட்டுவது தவிர்க்கவியலாததாகலாம். நெருக்கடியில்லாதவர் அதனை இலாபமென்று கருதலாகாது. மாறுவதாயின் எஞ்சிய காலத்துக்கே மாறுவது நலம். 12 வீதத்தில் அதே 10 ஆண்டுகளுக்கு மாறினால் மொத்தம் 1 கோடியே 72 இலட்சமாகக் குறையும்.

உறுதியும் உரிமையும்

கடன் வகையைத் தெரிவு செய்வதற்கு முன்னர் உறுதிப்பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் அவசியம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணொருவர் தமது பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கையாள்வதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. கணவர் வெளிநாட்டிலிருந்தால் அச்சம்மதத்தைப் பெறுவதற்கே மாதங்கள் செல்லலாம். தந்தையின் மறைவுக்குப் பின் வாரிசுகளுக்குப் பிரியாத பங்குகளாக வந்த ஆதனத்தில் ஒருவர் மாத்திரம் ஒப்பமிட்டு முழுவதையும் ஈடுவைக்க முடியாது. கிழக்கிலும் வன்னியிலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு ஈடு வைப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. இவற்றால் வங்கியைத் தெரிவு செய்யும் வாய்ப்பே சுருங்கிவிடக்கூடும்.

அடுத்து, வாடகைக்கு விட்ட வீட்டைச் சொந்த வதிவிடமென்று கூறிக் குறைந்த வட்டியிலான வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்குமாறு சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. அது பொய்யான கூற்று. பின்னர் கண்டறியப்பட்டால் முழுக்கடனையும் உடனே கோருவதற்கு வங்கிக்கு அது வாய்ப்பளிக்கும்.

தவணை தவறினால் நேர்வது என்ன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பராட்டே சட்டம் என்று பேச்சுவழக்கிற் குறிப்பிடப்படும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பின்றியே பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டு ஆதனத்தை ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு அதிகாரமளிக்கின்றது. பொருளாதார நெருக்கடியை அடுத்து 2024இல் அவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது, நீக்கப்படவில்லை. எனவே தவணை தவறுமுன்னரே வங்கியிடம் சென்று எழுத்துமூலம் பேசுவது, தவறிய பின் ஏல அறிவித்தலைப் பத்திரிகையிற் கண்டு ஓடுவதைவிடப் பன்மடங்கு நல்லது. கடன் தகவல் பணியகத்தில் தமது கிரிப் அறிக்கையை முன்கூட்டியே பெற்றுப் பார்ப்பதும் பயன்தரும். மறந்துபோன கடனட்டை நிலுவையொன்று புதிய வங்கியில் வட்டியைக் கூட்டவோ விண்ணப்பத்தை நிராகரிக்கவோ காரணமாகலாம்.

முடிவுக்கு முன் ஒரு சோதனை

இவ்வளவையும் தொகுத்துக் கூறுவதாயின், கையொப்பமிடுமுன் ஒரேயொரு சோதனையைச் செய்து பார்த்தாற் போதும் என்போம். செலவு போக எஞ்சும் வாடகையை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழ், வீட்டுச் செலவைப் பாதிக்காமல் மாதந்தோறும் உங்களாற் சேர்க்கக்கூடிய தொகையை எழுதுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். பின்னர், வங்கி அலுவலரிடம் இன்றைய வட்டிக்குரிய தவணையை மாத்திரமன்றி, 18 வீதத்துக்கும் 25 வீதத்துக்கும் உரிய தவணைகளையும் கணித்துத் தருமாறு கேளுங்கள். கூட்டுத்தொகையை அத்தவணைகள் மிஞ்சுமாயின் உங்களுக்குரியது நிலையான கடன் அல்லது உச்சவரம்புள்ள கடன். அவ்விரண்டும் கிடைக்காவிடின் கடனின் அளவைக் குறைக்கவேண்டும். மேற்கண்ட 1 இலட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபா வாடகை 18 வீத வட்டியை 15 ஆண்டுகளுக்குத் தனித்துத் தாங்கவேண்டுமாயின், கடன் 70 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டதாயிருத்தல் வேண்டும். நெருக்கடி மீண்டும் வராது என்று கூறுவோர் கூறட்டும். வந்தால் கட்டவேண்டியவர் நீங்களே.

வங்கிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கடனின் மிக மோசமான நிலையில் தவணை எவ்வளவாகும் என்பதை, வாடிக்கையாளர் கேளாமலே, அவருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுப்பது பெரிய காரியமன்று. தமிழில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு உடன்படிக்கையை ஆங்கிலத்தில் மாத்திரம் நீட்டும் வழக்கம் இன்னமும் பல கிளைகளிற் காணப்படுவது வருந்தத்தக்கது. விளங்காத பத்திரத்தில் ஒப்பமிட மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதை எமது மக்களும் உணரவேண்டும்.

அந்த ஆசிரியரை அண்மையிற் சந்தித்தபோது, வட்டி இறங்கிவிட்டதென்றும், வாடகையும் தவணையும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன என்றும் கூறினார். மாடிமனை அவரிடமே இருக்கின்றது. தகப்பன் வழிவந்த நான்கு பரப்புக் காணியில் இப்போது வேறொருவர் மதில் கட்டியிருக்கின்றார். வட்டி ஏறும், இறங்கும். ஏறியபோது விற்றது இறங்கும்போது திரும்பி வருவதில்லை.